நன்றாக ஓடும் நூலகத்தை ஏன் உடனே சேர்த்துக்கொள்வதில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு எடைக்கணக்குச் செயலி எழுதும் இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். லாரி எடைமேடையில் ஏறியதும் மொத்த எடை, குலையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் எடை, நடுவில் காய்க்குலைக்கும் அழுகல் குலைக்கும் போகும் கழிவு என்று எல்லாவற்றையும் கணினியே எடுத்துச் சீட்டு அடித்துவிடும். கைப்பேசியிலும் ஓடுகிறது, ஆபீஸ் கணினியிலும் ஓடுகிறது. அதற்குள்ளே எடைமேடையோடு பேசுவதற்கென்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அது பலருக்கும் உதவும் என்று நினைத்து, தனி நூலகமாகப் பிரித்து, கே.டி.ஈ. என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் வெளியிடும் கே.டி.ஈ. பிரேம்வொர்க்ஸ் என்ற பொதுத் தொகுப்பில் சேர்க்கப் பார்த்தார்கள். சேர்ப்பதற்கான நிபந்தனைப் பட்டியலைப் படித்ததும் குழப்பம் வந்துவிட்டது.

“நல்லாத்தானே ஓடுது அண்ணே, அப்புறம் ஏன் இவ்வளவு கேக்கிறாங்க?”

கேள்வி நியாயமானது. இந்த ஊரில் மட்டும் எழும் கேள்வியும் இல்லை. இதற்குப் பதில் நிரல் இன்றைக்கு ஓடுகிறதா என்பதில் கிடைக்காது. சேர்த்த பிறகு அது எத்தனை வருடம், யார் கையில், எதை மாற்றாமல் ஓட வேண்டும் என்பதில்தான் பதில் இருக்கிறது. அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் நான்கு சொற்கள்

1. நூலகம். மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்காகவே எழுதி வைக்கப்பட்ட நிரல் தொகுப்பு. லைப்ரரி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். எடைச் சீட்டில் கியூஆர் சதுரம் அச்சிட வேண்டுமா? அதற்கு ‘பிரிசன்’ என்ற நூலகம் ஏற்கெனவே இருக்கிறது. கோடு கோடாக நாமே வரைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

2. சட்டகம். பொத்தான், சாளரம், கோப்பு, இணைய இணைப்பு என்று ஒரு செயலிக்கு வேண்டிய அடிப்படைகளையெல்லாம் ஒரே முறையில் தரும் பெரிய கட்டமைப்பு, அதாவது பிரேம்வொர்க். இங்கே பேசப்போவது ‘கியூட்’ பற்றி. நார்வேயில் இருவர் 1991இல் எழுதத் தொடங்கி, 1995இல் முதன்முதலாக வெளியிட்டது.

3. துணை நூலகம். சட்டகத்தின் மேல் உட்கார்ந்து, சட்டகத்தில் இல்லாததைத் தருவது. கே.டி.ஈ. பிரேம்வொர்க்ஸ் என்பது கியூட்டின் மேல் உட்காரும் எழுபதுக்கும் அதிகமான துணை நூலகங்களின் தொகுப்பு. கியூட்டுக்குள்ளேயும் இந்தப் பிரிவு உண்டு: எல்லாத் தளத்திலும் இருந்தே ஆக வேண்டியவை ‘அடிப்படை’, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் வேண்டியவை ‘துணை’.

4. வெளியீடு. ரிலீஸ். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட எண்ணோடு, “இதை நம்பி எடுத்துக்கொள்ளலாம்” என்று சொல்லி நிரலைக் கொடுப்பது. இணையத்தில் மூலநிரல் கிடக்கிறது என்பதும் வெளியாகியிருக்கிறது என்பதும் வேறு வேறு.

பெரிய மூட்டையைப் பிரித்த கதை

கே.டி.ஈ. திட்டம் 1996இல் தொடங்கியது. அதன் நான்காம் பதிப்பு 2008 ஜனவரியில் வந்தபோது பொதுநிரல் எல்லாம் ‘கேடிஈலிப்ஸ்’ என்ற ஒரே மூட்டையாக இருந்தது. அதில் ஒரு சின்னச் சாமான் வேண்டும் என்றால் மூட்டை முழுவதையும் தூக்க வேண்டும். வெளியே இருந்தவர்கள் அதற்குப் பயந்தே அந்தப் பக்கம் போகாமல் இருந்தார்கள்.

2011இல் சுவிட்சர்லாந்தின் ராண்டா என்ற மலைக்கிராமத்தில் கூடிய நிரலாளர்கள் இந்த மூட்டையைப் பிரிப்பது என்று முடிவெடுத்தார்கள். 2014 ஜூலை 7 அன்று பிரேம்வொர்க்ஸ் 5.0 வெளிவந்தது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. பிரித்த பிறகு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மறுபடியும் சிக்கலாகிவிடக் கூடாதே, அதற்காக மூன்று அடுக்கு வைத்தார்கள்:

1. முதல் அடுக்கு: கியூட்டையும் வெளியே உள்ள சில சிறு நூலகங்களையும் தவிர வேறெதையும் நம்பாதவை. கேகோர்ஆட்ஆன்ஸ், கேகான்ஃபிக் போன்றவை.

2. இரண்டாம் அடுக்கு: முதல் அடுக்கை நம்பலாம். கேஆத் இந்த வகை.

3. மூன்றாம் அடுக்கு: கீழே உள்ளவற்றையும் தன் அடுக்கில் உள்ளவற்றையும் நம்பலாம். கோப்புகளைக் கையாளும் கேஐஓ இங்கே இருக்கிறது.

ஆக, ஒரு புது நூலகம் வந்து நின்றால் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “நீ எந்த அடுக்கு?” என்பதுதான். அடுக்கு குறையக் குறைய எடுத்துப் பயன்படுத்துகிறவனுக்குச் சுமை குறையும்.

பால்மரக் கன்றும் இப்படித்தான்

இந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் புரியவைக்க ரப்பரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதை, அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ நட்டது பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில். அங்கிருந்து நாடு முழுவதும் பால்மரம் பரவி, 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்து, ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு இனங்கள் வந்தன.

அந்தக் கழகம் புது இனத்தை எப்படி வெளியே விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்றங்காலில் தளதளவென்று நிற்கிறது என்பதற்காக எடுத்த எடுப்பில் எல்லோரும் நடலாம் என்று சொல்லவில்லை. பரிந்துரையிலேயே வகுப்பு பிரித்திருந்தது. பல வருடம் பார்த்துத் தேறிய இனம் முதல் வகுப்பு, பெரிய பரப்பில் நடலாம். ஓரளவு தேறியது இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு இனங்களைச் சின்ன இடத்தில் சோதனையாகத்தான் நடலாம். காற்றில் நடுமரம் முறிகிறதா, இலைநோய் வருகிறதா, வெட்ட வெட்டப் பால் குறைகிறதா என்பதெல்லாம் நாற்றங்காலில் தெரியாது. முதல் வெட்டுக்கே ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். நட்ட மரமோ இருபத்தைந்து முப்பது வருடம் நிற்கும். தப்பான இனத்தை நட்டால் வெட்டுகிற மக்கள் அத்தனை வருடமும் அதோடுதான் பாடுபட வேண்டும்.

நூலகத்தின் ஆயுளும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். பிரேம்வொர்க்ஸ் 5 வரிசை தொடங்கியது 2014 ஜூலையில். அடுத்த பெரிய வரிசையான 6.0 வந்தது 2024 பிப்ரவரி 28 அன்று. ஒன்பதரை வருடம். 2014இல் ஒரு நூலகத்தில் கோணலாக வைத்த ஒரு பெயர், ஒரு வடிவம், அத்தனை வருடமும் அப்படியே இருந்தாக வேண்டும். ஏன் இருந்தாக வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு.

பதினாறு பைட், இருபத்துநான்கு பைட்

சுங்கை சிப்புட் இளைஞர்களின் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ‘எடைச்சீட்டு’ என்று ஒரு வகுப்பு, அதாவது நிரலில் நாமே உருவாக்கிக்கொள்ளும் ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு தசம எண்கள்: மொத்த எடை, லாரியின் வெறும் எடை. ஒரு தசம எண்ணுக்கு 8 பைட், ஆக பெட்டி 16 பைட்.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் கணினியில் இருக்கும் செயலி தொகுக்கப்பட்டபோது, அதாவது கம்பைல் ஆனபோது, இந்த 16 என்ற அளவு செயலிக்குள்ளேயே பதிந்துவிட்டது. நூலகம் தனிக்கோப்பு, செயலி தனிக்கோப்பு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரே நூலகக் கோப்பைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும். நூலகத்தை மட்டும் புதுப்பித்துவிட்டுச் செயலியைத் தொடாமல் விடுவது அங்கே அன்றாட நடப்பு.

இப்போது நூலகத்தை எழுதியவர் நல்லெண்ணத்தோடு மூன்றாவது எண்ணைச் சேர்க்கிறார்: கழிவு எடை. பெட்டி 24 பைட் ஆகிவிட்டது. புது நூலகம் கிராணியின் கணினிக்கு வருகிறது. பழைய செயலி வழக்கம்போல 16 பைட் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கிறது. நூலகம் தனக்கு 24 இருக்கிறது என்று நம்பி எழுதுகிறது. மிச்சம் 8 பைட் பக்கத்து இடத்தில் போய் விழும். அங்கே என்ன இருந்ததோ, அது அழிந்தது.

செயலி உடனே நின்றுபோனால் அதிர்ஷ்டம், யாராவது கவனிப்பார்கள். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் மோசம். பக்கத்து இடத்தில் இருந்தது அடுத்த லாரியின் எடையாகக்கூட இருக்கலாம். எண் மாறிய சீட்டு அச்சாகி, அதை வைத்துக் கூலியும் போட்டுவிடுவார்கள். எந்த நிரலிலும் பிழை என்று காட்ட ஒரு வரிகூட இருக்காது. இரண்டும் தனித்தனியே சரியான நிரல்கள்.

இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர் பைனரி ஒத்திசைவு. பழைய செயலியை மறுபடி தொகுக்காமலே புது நூலகத்தோடு அது ஓட வேண்டும். பெரிய வரிசை மாறும் வரை இதைக் காப்போம் என்று பிரேம்வொர்க்ஸ் வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்த நூலகங்கள் எழுதப்படும் சி பிளஸ் பிளஸ் மொழியில் இதற்கு விலை அதிகம்:

1. புது வகுப்பு, புதுச் சாதாரண செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், சேர்க்கலாம்.
2. இருக்கிற செயற்கூறை நீக்கக் கூடாது. அது கேட்கும், திருப்பித் தரும் மதிப்புகளின் வகையை மாற்றக் கூடாது.
3. வெளியே தெரியும் பெட்டியின் அளவை மாற்றக் கூடாது.
4. ‘வர்ச்சுவல்’ வகைச் செயற்கூறுகளைப் புதிதாக நுழைப்பதும், இருப்பவற்றின் வரிசையை மாற்றுவதும் ஆபத்து. செயலி அவற்றைப் பெயரால் தேடாது, எத்தனையாவது இடம் என்று எண்ணித்தான் கூப்பிடும்.

மூன்றாவது விதியோடு வாழ்வதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளிப்பெட்டியில் ஒரே ஒரு சுட்டியை, அதாவது நினைவகத்தில் வேறோர் இடத்தின் முகவரியை, மட்டும் வைப்பது. 64 பிட் கணினியில் அது 8 பைட். உண்மையான எண்கள் எல்லாம் நூலகமே வேறோர் இடத்தில் ஒதுக்கும் உள்பெட்டியில் இருக்கும். உள்பெட்டி எவ்வளவு பெருத்தாலும் செயலிக்குத் தெரிவது அதே 8 பைட்தான். இதை ‘டி-பாயின்டர்’ என்பார்கள். கியூட்டும் கே.டி.ஈ.யும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இதைத்தான் செய்கின்றன.

இதை முதல் வெளியீட்டுக்கு முன்னால் செய்தால் அரைநாள் வேலை. வெளியீட்டுக்குப் பிறகு செய்ய முடியாது. செய்தால் பெட்டியின் அளவு மாறிவிடும், வாக்கு உடைந்துவிடும். அடுத்த பெரிய வரிசைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். சேர்ப்பதற்கு முன் பரிசீலிப்பவர்கள் ஏன் அவ்வளவு நுணுக்கிப் பார்க்கிறார்கள் என்பது இங்கே விளங்கும். தவறைத் திருத்தச் செலவில்லாத கடைசி நாள் அதுதான்.

உள்ளே வரும் வழி

1. தனியாக வாழ்வது. நூலகம் முதலில் தன் சொந்த எண்களோடு, 0.1, 0.2 என்று வெளியே வரும். இந்தக் காலத்தில் எதையும் மாற்றலாம், யாருக்கும் எந்த வாக்கும் இல்லை. ஒரு நூலகம் நன்றாக வளர்வது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். அதைக் குறுக்குவது நல்லதில்லை என்பது என் எண்ணம்.

2. உரிமம். எல்ஜிபிஎல் (மூலநிரலை மூடி வைத்த செயலியும் நூலகத்தைப் பயன்படுத்த விடும் கட்டற்ற உரிமம்) அல்லது அதைவிடத் தளர்வான உரிமமாக இருக்க வேண்டும். ஜிபிஎல் என்றால் நூலகத்தைப் பயன்படுத்தும் செயலியும் அந்த நிபந்தனைக்குள் வந்துவிடும். மூலநிரலைக் கொடுக்க விரும்பாத நிறுவனங்கள் கிட்ட வராது.

3. ஆவணமும் சோதனையும். வெளியே தெரியும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் விளக்கம் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தானாக ஓடும் சோதனைகள் வேண்டும். எடைமேடை நூலகத்துக்கு இது லேசான வேலை இல்லை. சோதனை ஓடும் கணினி எங்கோ ஐரோப்பாவில் இருக்கும், அதன் பக்கத்தில் செம்பனை லாரியா நிற்கப்போகிறது? எடைமேடை மாதிரியே எண்களை அனுப்பும் ஒரு போலிக் கருவியை நிரலாகவே எழுதி, சோதனையோடு வைக்க வேண்டும்.

4. மொழிபெயர்ப்பு. திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பாளர்கள் எடுக்கும்படி குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தமிழ்க் குழுவுக்கும் இதே வழிதான். நிரலுக்குள் நேரடியாக எழுதிய சொல் அவர்கள் கண்ணில் படாது.

5. பரிசீலனை. கே.டி.ஈ.யில் இதற்கென்றே ஒரு நிலை உண்டு. குறைந்தது இரண்டு வாரம் நூலகம் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும். யாரும் குறை சொல்லலாம், சொன்ன குறையைத் தீர்க்க வேண்டும்.

6. கடைசியில் ஒரு வரி. ஒவ்வொரு நூலகத்திலும் அதைப் பற்றிய விவரக் கோப்பு ஒன்று இருக்கும். பராமரிப்பாளர் யார், எந்த அடுக்கு, எந்தெந்தத் தளங்களில் ஓடும் என்று வரிவரியாக இருக்கும். அதில் ‘ரிலீஸ்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லை ‘ட்ரூ’ என்று மாற்றினால் நூலகம் வெளியீட்டில் சேர்ந்துவிடும். ஒரு சொல் மாற்றம். முன்னால் சொன்ன வேலை முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

யார் பார்த்துக்கொள்வார்?

விவரக் கோப்பில் முதலில் வரும் வரி பராமரிப்பாளர் பெயர். மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது என்று நினைக்கிறேன்.

2024 மார்ச் மாதக் கடைசியில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தைப் பலர் படித்திருப்பீர்கள். கோப்புகளைச் சுருக்கும் சின்ன நூலகம் அது. லினக்ஸ் கணினிகளில் பார்த்த இடமெல்லாம் இருப்பது. பல வருடமாக ஒரே ஆள் கவனித்துவந்தார். அவர் களைத்திருந்த நேரத்தில் உதவிக்கு வந்த ஒருவர், இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது.

அந்த ஒற்றைப் பராமரிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் இல்லாமல் ஊர் பாரத்தைத் தனியாகச் சுமந்தவர். “இது உடைந்தால் யார் எழுந்து பார்ப்பார், அவருக்கு முடியாவிட்டால் அடுத்தவர் யார்” என்பதை யாரும் கேட்காமலேயே நூறு திட்டங்கள் அந்த நூலகத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததுதான் தவறு. நிபந்தனைப் பட்டியல் கேட்கும் கேள்விகளில் இது சடங்கு மாதிரித் தெரியலாம். ஆனால் இதற்குப் பதில் இல்லாமல் உள்ளே விடுவது மற்ற எல்லோர் வீட்டுக் கதவையும் திறந்து வைப்பது மாதிரி.

சேர்ந்த மாதத்தில் நடப்பவை

பிரேம்வொர்க்ஸ் 5 காலத்தில் மாதம் ஒரு வெளியீடு என்று நடந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நிரலை நிறுத்தி முத்திரை குத்துவார்கள். இரண்டாம் சனிக்கிழமை எல்லோருக்கும் வெளியிடுவார்கள். நடுவில் இருக்கும் வாரம் டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே போன்ற லினக்ஸ் விநியோகங்களில், பயனர் நிறுவிக்கொள்ளும்படி நிரல்களைப் பொதி கட்டுகிறவர்களுக்கானது.

புது நூலகம் ஒன்று சேரும்போது இவர்களுக்குத்தான் முதலில் வேலை கூடும். இருக்கிற எழுபது பொதிகளின் எண்ணை மாற்றினால் போதாது, எழுபத்தொன்றாவதைப் புதிதாகக் கட்ட வேண்டும். டெபியனில் புதுப்பொதி எதுவும் நேராக உள்ளே போகாது. தனி வரிசையில் நின்று, பதிப்புரிமை விவரங்களை ஆட்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நுழையும். நூலகம் வெளிவந்த அன்றே ஊரில் இருப்பவர் கணினியில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது எண். தொகுப்பில் உள்ள எல்லா நூலகங்களுக்கும் ஒரே வெளியீட்டு எண். கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே நிரலில் திரை அமைக்க உதவும் கிரிகாமியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இளைஞர்களின் செயலியும் அதில் எழுதியதுதான். 2016இலிருந்து தனியாக வெளிவந்து, 2 என்ற வரிசையில் இருந்தது. 2017 ஆகஸ்டில் 5.37 வெளியீட்டில் பிரேம்வொர்க்ஸுக்குள் வந்ததும் அதன் எண்ணும் 5.37 ஆகிவிட்டது. நடுவில் 3ஐயும் 4ஐயும் தேடினால் கிடைக்காது. எண் தாவியதைப் பார்த்து ஏதோ பெரிய மாற்றம் என்று மிரண்டவர்கள் உண்டென்றால், விஷயம் இவ்வளவுதான்.

தாமதத்துக்கும் விலை உண்டு

இதுவரை சொன்னது கவனத்தின் பக்கம். காத்திருப்பதும் இலவசம் இல்லை.

எடைமேடையோடு பேசுவது பெரும்பாலும் சீரியல் கம்பி வழியாக. கியூட்டில் அதற்கு ‘சீரியல்போர்ட்’ என்ற துணை நூலகம் இருக்கிறது. அதுவும் வெளியே ஆர்வலர்கள் வளர்த்த திட்டம்தான். 2013இல் கியூட் 5.1 வந்தபோது துணை நூலகமாக உள்ளே வந்தது. தேறி வந்த கன்றுக்கு நல்ல உதாரணம்.

பிறகு 2020 டிசம்பர் 8 அன்று கியூட் 6.0 வந்தது. அடியிலிருந்து மாற்றிக் கட்டியதால் எல்லாத் துணை நூலகங்களையும் ஒரே நேரத்தில் தயார் செய்ய முடியவில்லை. அடிப்படைகளை முதலில் வெளியிட்டு, மீதியைத் தயாராகும்போது சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். சீரியல்போர்ட், புளூடூத், மல்டிமீடியா, வெப்எஞ்சின் போன்றவை 6.0இல் இல்லை, 6.1இலும் இல்லை. 2021 செப்டம்பரில் 6.2 வந்தபோதுதான் திரும்பின. எடைமேடைச் செயலி வைத்திருந்தவர் ஒன்பது மாதத்துக்கு மேல் புதிய வரிசைக்கு மாற வழியில்லை. பழைய 5.15இலேயே இருக்க வேண்டியிருந்தது.

எனக்கு அந்த முடிவு சரி என்றுதான் படுகிறது. பாதி வெந்ததை முழு வாக்கோடு கொடுத்திருந்தால் அதே குறையோடு கியூட் 6 காலம் முழுவதையும் ஓட்ட வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட நேரத்துக்காக கியூட் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: ‘முன்னோட்டம்’ என்று முத்திரை குத்தி வெளியிடுவது. எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அடுத்த வெளியீட்டில் மாறலாம், ஒத்திசைவுக்கு வாக்கு இல்லை. ரப்பர் கழகத்தின் மூன்றாம் வகுப்பு மாதிரிதான்.

வாசல் ஒருபக்கம் மட்டும் திறக்கும்

உள்ளே வந்த நூலகத்தை வேண்டாம் என்று நினைத்தால் அடுத்த மாதமே எடுத்துவிட முடியுமா? முடியாது. அதற்கு கேஎச்டிஎம்எல் சாட்சி.

கே.டி.ஈ.யின் இணையப்பக்கம் காட்டும் நூலகம் அது. 2003இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய சஃபாரி உலாவியின் அடிப்படை அதிலிருந்துதான் கிளைத்தது. அவ்வளவு பெருமை உள்ளது. ஆனால் 2014இல் பிரேம்வொர்க்ஸ் 5 வந்தபோதே அதன் காலம் முடிந்துவிட்டது. பழைய செயலிகள் மாறிக்கொள்ளும் வரை உதவிக்கு என்று, அந்தக் குறிப்போடு உள்ளே வைத்தார்கள். உள்ளே வைத்ததால் ஒவ்வொரு மாதமும் அதையும் தொகுத்து, சோதித்து, முத்திரை குத்தி வெளியிட வேண்டியிருந்தது. 6.0 வந்த பிறகுதான் புது வரிசையிலிருந்து அதை இறக்கிவைக்க முடிந்தது. புதிதாக எதுவும் செய்யாத ஒரு நூலகத்துக்காக ஒன்பதரை வருட மாதாந்தர வேலை.

நம் ஊர் நூலகத்தில் இப்போது செய்ய வேண்டியவை

அந்த இளைஞர்களின் நிரலைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை.

1. ‘எடைச்சீட்டு’ வகுப்பில் எண்கள் வெளிப்பெட்டியிலேயே இருக்கின்றன. இப்போதே டி-பாயின்டருக்கு மாற்றிவிட வேண்டும்.

2. சீட்டைக் கோப்பில் சேமிப்பதற்காக மட்டும் கேஐஓவை இழுத்திருக்கிறது. அந்த ஒரு வேலையால் நூலகம் மூன்றாம் அடுக்குக்குப் போய்விடுகிறது. சேமிப்பது செயலியின் வேலை. அதைச் செயலிக்குள் தள்ளிவிட்டால் கியூட்டும் அதன் சீரியல்போர்ட்டும் மட்டும் மிஞ்சும், முதல் அடுக்குக்குத் தகுதி வந்துவிடும்.

3. பராமரிப்பாளர் ஒருவர்தான். இரண்டாமவர் பெயருக்கு இருந்தால் போதாது, முதலாமவர் ஊரில் இல்லாத மாதத்தில் தனியாக வெளியீடு செய்து காட்டியவராக இருக்க வேண்டும்.

4. பயன்படுத்துவது ஒரே செயலி. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. கிரிகாமியை அது உள்ளே வருவதற்கு முன்பே கே.டி.ஈ.க்கு வெளியே, முக்குளிப்பவர்களுக்கான சப்சர்ஃபேஸ் செயலியின் கைப்பேசி வடிவம் பயன்படுத்தியது. ஒரே செயலிக்காக எழுதிய நூலகம் அந்தச் செயலியின் பழக்கங்களையே உலக வழக்கமாக எடுத்துக்கொள்ளும். அது எழுதியவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

நான்காவதைத் தீர்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. டவுனில் பழைய இரும்பு வாங்கும் கடையிலும் கணினியோடு இணைக்கக்கூடிய தராசு இருக்கிறது, சீரியல் கம்பிதான். தோட்டத்து எடைமேடை வெறும் எண்ணை அனுப்புகிறது. கடைத் தராசு எண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியையும், எடை அசையாமல் நின்றுவிட்டதா என்பதைச் சொல்லும் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து அனுப்புகிறது. இப்போதுள்ள நிரல் அந்த முதல் எழுத்தைப் பார்த்ததுமே அதை எண்ணாக மாற்றப்போய், எடை பூஜ்யம் என்று சொல்லிவிடும்.